மூன்றாம் மாடி காலி இல்லை

அனுப்புநர்:
பாகம் எண் 27, வரிசை எண் 614-இல் வாக்காளராக இருந்தவர்,
கதவு எண் 9/4, மூன்றாம் மாடி,
தபால் நிலையப் பின் தெரு.

பெறுநர்:
வாக்காளர் பதிவு அலுவலர் அவர்கள்,
பிரதேசப் பேரவை இடைத்தேர்தல் பிரிவு,
வருவாய் அலுவலக வளாகம்.

பொருள்: பிரதேசப் பேரவையில் காலியாக உள்ள மூன்று இடங்களுக்கான இடைத்தேர்தல் – பாகம் எண் 27 – “வீடு காலி” என்ற குறிப்பின்பேரில் என் பெயர் நீக்கப்பட்டது – மீண்டும் சேர்க்கக் கோருதல் – குறிப்பு எழுதிய ஊழியர்மீது நடவடிக்கை வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பாகம் எண் 27-இன் நீக்கல் பட்டியல், பக்கம் 3, பெயர் சேர்க்கை முகாமில் 7-2 அன்று தரப்பட்ட ரசீது.

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

1. தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் பதவியின் பெயர் மட்டுமே இருந்தது. அந்தப் பதவியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆளில்லாததால் இரண்டு விளிகளையும் எழுதியிருக்கிறேன். பொருந்தாததைத் தாங்களே அடித்துவிடலாம். மனுவின் கையெழுத்து இடத்துக்கு இடம் மாறித் தெரியும். எழுதியவள் ஒருத்திதான். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து ஐந்தாறு தடவையில் எழுதுகிறேன். ஜனவரி 31-உடன் ஆட்சேபணைக் காலம் முடிந்துவிட்டது என்பதும் தெரிந்தேதான் எழுதுகிறேன். தாமதத்துக்கான காரணம் ஐந்தாம் பத்தியில் உள்ளது. அது எனக்குப் பெருமை தரும் காரணம் அல்ல.

2. நான் தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மேற்படி முகவரியில் இரண்டு வருடம் ஒரு மாதமாகக் குடியிருக்கிறேன். என் கணவர் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்பது ஒப்பந்தம். அவருடைய ஓட்டு அவருடைய பெற்றோர் ஊரில் இருக்கிறது. என்னுடையது இங்கே இருந்தது. எங்களுக்கு ஒரு மகள், வயது ஒரு வருடம் நான்கு மாதம். நான் கல்லூரியில் படிக்கும்போதே என் தாயார் தவறிவிட்டார். மாமியார் வாரம் ஒருமுறை போனில் “ஏதாவதுன்னா கூச்சப்படாம சொல்லும்மா” என்று அன்பாகத்தான் சொல்கிறார். ஏதாவது என்பது எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

3. என் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். திடுக்கிட்டு அழுதால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உதடு நீலம் பாரித்து, உடம்பு விறைத்து, சில நொடிகள் கழித்துத்தான் அடுத்த மூச்சு வரும். குழந்தை மருத்துவர் “வளர வளரத் தானா சரியாயிடும், பயப்படவே வேண்டாம்” என்றார். அந்தச் சில நொடிகளில் அவர் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எங்கள் வீட்டு அழைப்பு மணி பறவை கத்துவதுபோல் விட்டுவிட்டுக் கத்தும். அந்தச் சத்தத்துக்கு அவள் மூன்றாவது முறை நீலமான அன்று, முக்காலி போட்டு ஏறி அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். வெளியே இருக்கும் பொத்தானை அப்படியே விட்டுவிட்டேன். அமுக்கினால் உள்ளே போய் வெளியே வரும். அமுக்கியவருக்கு மணி அடித்தது போலவே இருக்கும். “மணி வேலை செய்யாது, கதவைத் தட்டவும்” என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கலாம். ஊரார் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிற எனக்கு, என் கதவில் ஐந்து வார்த்தை எழுதி ஒட்டத் தோன்றவில்லை. தட்ட வருகிறவர்கள் யாரும் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

4. தங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (இவர் எங்கள் பகுதி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை, இனி ஆசிரியை என்றே குறிப்பிடுகிறேன்) இடைத்தேர்தலுக்கான வீடுவீடான சரிபார்ப்புக்காகக் கடந்த நவம்பர் 9, 12, 20 ஆகிய நாட்களில் மூன்று மாடி ஏறி வந்ததாகப் பதிவேட்டில் உள்ளது. அது முழுக்க உண்மை என்று நம்புகிறேன். அந்த மூன்று நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். வேறெங்கே இருப்பேன். அவர் வெளியே நின்று பொத்தானை அமுக்கியிருக்கிறார். நான் உள்ளே சத்தமில்லாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருகையின் முடிவில் என் பெயருக்கு நேரே “வீடு காலி” என்று எழுதப்பட்டது. பேரவையில் ஓர் இடம் காலி என்றால் அரசிதழில் அறிவித்து, தேதி குறித்து, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு அதை நிரப்புகிறார்கள். ஒரு வீடு காலி என்றால் பெயரின்மேல் ஒரு கோடு, அவ்வளவுதான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சொல் ஒன்றுதான், மதிப்பு வேறு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. தாமதத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்தபடியே ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்கிறேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெயர்ப் பட்டியல்கள் கட்டாக வந்தன. இரகசியம் கருதித் தலைப்பு, பாகம் எண், தெருப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பெயர்களை மட்டுமே எங்களுக்குத் தருவார்கள். பெயர்ப் பட்டியலைக் கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கித்தான் படிக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் பால பாடம். மேலிருந்து படித்தால் கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்; தலைகீழாகப் படித்தால் எழுத்தெழுத்தாக நிற்கும். அப்படிப் படித்து வரும்போது மூன்றாம் தாளின் நடுவில் என் பெயர் வந்தது. நேரே என் கணவரின் பெயரும் இருந்தது. என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பள்ளிச் சான்றிதழ், வங்கி, எரிவாயு, தடுப்பூசி அட்டை என்று எல்லா இடத்திலும் அதை ளகரமாக்கித்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தாளில் முதன்முறையாகச் சரியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் ‘சரி’ என்று குறி போட்டேன். அன்று கப்பலிலிருந்து பேசிய கணவரிடமும் “லிஸ்ட்ல என் பேரு தப்பில்லாம வந்திருக்குங்க” என்று சொன்னேன். “அப்படின்னா வேற யாரோ இருக்கும், நல்லாப் பாரு” என்று கேலி செய்தார். அது நீக்கப்பட்டவர்களின் பட்டியல் என்பது எனக்குத் தெரியாது. அதே தாளில் என் தெருக்காரர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் தெரிந்திருந்தால் அவர்களும் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்றாவது யோசித்திருப்பேன். எனக்கு என் தெருவில் யார் பெயரும் தெரியாது. ஆக, என் நீக்கத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று சான்றளித்து அனுப்பியவள் நானே.

6. இது எனக்குத் தெரியவந்தது இம்மாதம் 6-ஆம் தேதி, சனிக்கிழமை. ஒரு வேட்பாளருக்காக ஓட்டுக் கேட்டு நான்கைந்து பேர் எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இந்த மனுவுக்குத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் பேசிவிட்டு, முதல் மாடியில் சிரித்துவிட்டு, இரண்டாம் மாடியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே வருவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. நான் தலை சீவிக்கொண்டேன். குழந்தைக்கு நல்ல சட்டை மாற்றினேன். நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டேன். அப்போது ஒருவர் “மேல போகாதீங்கண்ணே, மேல ஓட்டு இல்ல. காலின்னு போட்டிருக்கு” என்றார். இன்னொருவர் “அப்ப நோட்டீஸ் மிச்சம்” என்றார். “மிச்சத்த மொட்ட மாடிக் காக்காவுக்குக் குடு, அதுங்களாவது நமக்குப் போடட்டும்” என்று மூன்றாமவர் சொல்ல, எல்லாரும் சிரித்தபடி இறங்கினார்கள். நான் கதவைத் திறந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்து “ஏங்க, இங்க ஆள் இருக்கு” என்றேன். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து மிகவும் மரியாதையாக, “யாரு வீட்டுக்கும்மா வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

7. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்த பெயர் சேர்க்கை முகாமுக்குக் குழந்தையுடன் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் பட்டியலைப் புரட்டி, விரலை வைத்து, “நீங்க இல்லைன்னு இதுல இருக்கேம்மா” என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, நாற்காலி கொடுத்து விதியை விளக்கினார். நீக்கப்பட்ட பெயரை வேட்புமனு தாக்கலின் கடைசி நாளான 24-2 வரை மீண்டும் சேர்க்க வழி உண்டு என்றும், அதே பாகத்தைச் சேர்ந்த இரண்டு வாக்காளர்கள் ‘இவர் இந்த முகவரியில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வசித்து வருவதை அறிவேன்’ என்று கையொப்பமிட்டால் போதும் என்றும் சொன்னார். “அக்கம்பக்கத்துல ரெண்டு பேர்கிட்ட வாங்கிட்டு வாங்க, அஞ்சு நிமிஷ வேல” என்றார். அந்த ஐந்து நிமிஷ வேலையைத் தொடங்கி இன்றுடன் பத்து நாள் ஆகிறது.

8. அதே எழுத்தர், “இடைத்தேர்தல்தானேம்மா, இதுக்கு இவ்வளவு அலையணுமா? பெரிய தேர்தலுக்குப் போட்டுக்கலாமே” என்றும் ஆறுதலாகச் சொன்னார். எங்கள் தெரு முனையில் புதிய சுகாதார நிலையம் கட்டி முடித்துப் பத்து மாதம் ஆகிறது. எங்கள் உறுப்பினர் மேலவைக்குத் தேர்வாகிப் போய்விட்டதால் திறந்துவைக்க ஆளில்லாமல் பூட்டியே கிடக்கிறது. கல்வெட்டில் திறந்துவைப்பவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதெல்லாம் செதுக்கிவிட்டார்கள். (அதில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அது தனி மனு.) அந்தக் கதவைத் தாண்டித்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறித் தடுப்பூசிக்குப் போய்வருகிறேன். ஆகவே இது எனக்குச் சின்னத் தேர்தல் இல்லை. ஆனால் நான் அலைவதற்கு அது மட்டுமே காரணம் என்று சொன்னால் மனுவில் உண்மையை மறைத்தவள் ஆவேன். மற்றதைக் கடைசியில் சொல்கிறேன்.

9. முதலில் முதல் மாடிக்குப் போனேன். அங்கே குடியிருப்பவர் பேருந்து நடத்துநர். அவர் பணிக்குப் போயிருந்தார். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வந்து ஒரு வருஷமாச்சு, உங்களப் பாத்ததே இல்லையே. பாக்காதவங்களுக்கு எப்படிங்க போடறது? நாளைக்கு ஒண்ணுன்னா எங்க வீட்டுக்காரர் வேலைக்கில்ல ஆபத்து” என்றார். அவர் சொன்னது நியாயம். தெரியாதவருக்குச் சாட்சி சொல்லக் கூடாது என்றுதான் நானும் என் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, “யாரு மாதிரி இருக்கா, அப்பா மாதிரியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த அப்பாவையும் அவர் பார்த்ததில்லை.

10. இரண்டாம் மாடியில் இருப்பவர் தொலைபேசி சேவை மையத்தில் வேலை செய்கிறவர். நாளெல்லாம் காதில் குரல் கேட்கிற வேலை. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப மேல கேக்கற அழுகை உங்க குழந்தையா?” என்றார். “நான் பக்கத்துக் கட்டடம்னுல்ல நெனச்சேன். எங்க வீட்டுக்காரர் குழாயில தண்ணி ஏறுற சத்தம்கறார். தண்ணி எங்கயாவது தாலாட்டுப் பாடுமான்னு கேட்டேன்.” பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. “உங்களப் பாத்ததில்லீங்க. கேட்டிருக்கேன். கேட்டதுக்குக் கையெழுத்துப் போடலாமா?” என்றார். எனக்கும் தெரியவில்லை. பொய் எழுதக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றாக இருந்ததால், அவர் தம் கைப்படப் பின்வருமாறு எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்: “இவரை நான் பார்த்ததில்லை. சுமார் பதினான்கு மாதமாக மேல்மாடியில் குழந்தை அழுவதும் இவர் பாடுவதும் கேட்டு வருகிறேன். குரல் இவருடையதுதான் என்பதை இன்று உறுதி செய்துகொண்டேன். பாட்டு சுமார்.” (இணைப்பு 2.) ‘அறிவேன்’ என்ற சொல்லுக்குக் கண்ணால் அறிவது மட்டும்தான் பொருளா, காதால் அறிவதும் அடங்குமா என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ் படித்தவள் என்ற முறையில், அடங்கும் என்பது என் பணிவான கருத்து.

11. இரண்டாவது கையொப்பத்துக்காகக் குடிதண்ணீர் கேன் போடுபவரைக் கேட்டேன். நிறைந்த கேனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, நான் வெளியே வைத்திருக்கும் காலிக் கேனை எடுத்துப் போவது அவர் வழக்கம். ஒரு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அன்றுதான் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்து பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “வீடு காலின்னா கேன் எப்படிக்கா காலியாவும்? மூணு நாளைக்கு ஒண்ணு தூக்கிட்டு வரேன், என் முதுகக் கேட்டா சொல்லுமே! எங்க, பேனாவக் குடுங்க” என்றார். இந்தப் பிரதேசத்திலேயே என் வழக்கை ஒரே வரியில் வாதாடி முடித்தவர் அவர்தான். ஆனால் அவருடைய வாக்கு பாகம் எண் 31-இல் இருப்பதால் அவர் சாட்சி செல்லாது என்று எழுத்தர் போனில் சொல்லிவிட்டார். பிறகு எதிர்க் கட்டடத்தில் நான்கு வீடுகளைத் தட்டினேன். எல்லாரும் நல்லவர்கள். யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

12. கடந்த ஞாயிறு, 14-2 அன்று, என் வீட்டுக் கதவை யாரோ கையால் தட்டினார்கள். திறந்தால் ஆசிரியை. மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “நான்தாம்மா உங்களக் காலின்னு எழுதினவ” என்றார். எழுத்தர் சொல்லி, விடுமுறை நாளில் தாமாகவே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். குழந்தை புது முகம் பார்த்து அலறப்போகிறாள் என்று அவளை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். அவள் ஆசிரியையின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். “வெச்சுக்கோடி, அதுல எனக்கே ஒண்ணும் தெரியல, அதனாலதான் உங்கம்மாவக் கோட்ட விட்டேன்” என்று சொல்லி அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் இருந்தார். வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். பள்ளி விட்ட பிறகு ஆயிரத்து இருநூறு பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். “வாசல்ல காலிக் கேன் மட்டும் கெடந்துச்சு. விட்டுட்டுக் காலி பண்ணிட்டாங்கன்னு நெனச்சுட்டேன்மா. ஒரு தட்டு தட்டியிருக்கலாம்” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நானும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கலாம் என்றேன்.

13. பேச்சுவாக்கில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அவருடைய வாக்கும் பாகம் எண் 27-இல்தான் உள்ளது. இரண்டு, வரும் ஜூனில் அவருக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வர வேண்டியிருக்கிறது. படிவம் மேசைமேல் இருந்தது. இரண்டாம் சாட்சிக்கான இடத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். “போட்டா என் தப்புக்கு நானே சாட்சி. போகட்டும், மெமோதானே, அதென்ன எனக்குப் புதுசா” என்று சிரித்தார். சிரித்தபோது குரல் மாறிவிட்டது. பதினாறு மாதமாகச் சத்தத்தை மட்டுமே உற்றுக் கேட்டு வாழ்கிறவள் நான். எனக்கு அது தெரிந்தது. பேனாவை வாங்கிக்கொண்டேன். மை தீர்ந்துவிட்டது, வேறு பேனா வாங்கி வைக்கிறேன், இன்னொரு நாள் வாருங்கள் என்றேன். அது பொய். இந்த மனு முழுவதும் அதே பேனாவால்தான் எழுதப்படுகிறது. ஆகவே, படிவத்தில் இரண்டாம் சாட்சியின் இடம் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் கையொப்பமிட ஆள் கிடைக்காதது அல்ல. கிடைத்த ஒருவரை நான் விடாததுதான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

14. மேற்சொன்னவற்றைக் கனிவுடன் பரிசீலித்துக் கீழ்க்கண்டவாறு உத்தரவிட வேண்டுகிறேன்:

அ) இணைப்பு 2-இல் உள்ள காதால் அறிந்த சாட்சியத்தை முழுச் சாட்சியமாக ஏற்க வேண்டும்.

ஆ) “வீடு காலி” என்ற குறிப்பு, அழைப்பு மணியின் கம்பியை நான் பிடுங்கியதால் நேர்ந்தது என்று பதிவு செய்து, ஆசிரியைமீது விளக்கக் கடிதமோ வேறு நடவடிக்கையோ இருக்காது என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். அந்த உறுதி கிடைத்தால் இரண்டாம் கையொப்பம் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

இ) அப்படி உறுதி தர விதியில் இடமில்லை என்றால், 24-2-க்குள் தங்கள் அலுவலகத்திலிருந்து யாரையாவது நேரில் அனுப்பி, நான் இங்கே வசிக்கிறேனா என்று பார்த்துக்கொள்ளலாம். எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நான் வீட்டில் இருப்பேன்.

இம்மூன்றும் முடியாது, ஆசிரியையின் கையொப்பம் இருந்தால்தான் ஆகும், அதன்பேரில் அவருக்கு ஓலை போகும் என்றால், என் பெயர் நீக்கப்பட்டதாகவே இருக்கட்டும். இதை எழுதும்போது எனக்கு மனசில்லை. ஆனால் எழுதிவிட்டேன், இனி அடிக்கவில்லை.

15. எட்டாம் பத்தியில் விட்ட காரணம். கடந்த பொதுத் தேர்தலின்போது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. கணவர் கப்பலில் இருந்தார். தனியாகப் போய், பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவரை நீண்டிருந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா தன் குடையை என் தலைக்கு நீட்டினார். பின்னால் நின்றவர் “எத்தனாவது மாசம்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பொண்ணுதான்” என்றார். பக்கத்தில் ஒருவர் பையன் என்று பந்தயம் கட்டினார். இரண்டு கட்சி முகவர்கள் ஒரே நாற்காலியின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து எனக்காக இழுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கிருந்தோ ஒருவர் “வழி விடுங்கப்பா, ரெண்டு ஓட்டு ஒண்ணா வருது” என்று கத்தினார். மொத்த வரிசையும் சிரித்தது. ஆளாளுக்கு என்னை முன்னால் தள்ளி, பதினோரு நிமிடத்தில் வாக்களித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகு அங்கே நிற்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. சற்று நேரம் மையைப் பார்ப்பதுபோல் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் அத்தனை பேர் ஒரே நாளில் என்னிடம் பேசியதில்லை. யாருக்கு வாக்களித்தேன் என்பது இரகசியம். மற்றதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. அனுமதி கிடைத்தால் மகளைத் தூக்கிக்கொண்டு வருவேன். கைக்குழந்தைக்காரி என்று யாராவது முன்னால் விட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுவதாக இருக்கிறேன். அன்று வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், அதுபற்றித் தங்களுக்கு என்னிடமிருந்து புகார் எதுவும் வராது.

இணைப்பு:
1. பெயர் சேர்க்கைப் படிவம் (இரண்டாம் சாட்சியின் கையொப்பம் இல்லாமல்)
2. இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர் கைப்பட எழுதிய சாட்சியம்
3. மகளின் தடுப்பூசி அட்டையின் நகல் (தாயின் பெயரில் ளகரம் பிழை)
4. குடிதண்ணீர் கேன் ரசீதுகள், பன்னிரண்டு மாதத்துக்குரியவை

இடம்: மேற்படி முகவரி
நாள்: 17-2, புதன்கிழமை

இங்ஙனம்,
இம்முகவரியில் வசித்து வருபவர்

(ஒப்பம்)